சென்னை – லண்டன் ஹீத்ரோ: எக்செல் கணக்கில் தூரமும் நேரமும் இடிக்கிறது, உதவி வேண்டும்

கேள்வி:
அட்சரேகை (அ), தீர்க்கரேகை (தீ) டிகிரியில்: சென்னை 12.99, 80.17. ஹீத்ரோ 51.47, 0.45. சூத்திரம்: 6371 × ஏகாஸ்(சைன்(அ1) × சைன்(அ2) + காஸ்(அ1) × காஸ்(அ2) × காஸ்(தீ2 − தீ1)). 6371 என்பது பூமியின் ஆரம், கி.மீ. விடை 8,335 கி.மீ. வருகிறது. வரைபடத் தளங்களில் ஏறத்தாழ 8,230. நூறு கி.மீ. எங்கே இடிக்கிறது? அடுத்தது நேரம். கோடைக்கால உதாரணமாகப் புறப்பாடு 05:30, வருகை 11:35 என்று போட்டால் 6 மணி 5 நிமிடம்தான் வருகிறது.

பதில் 1:
நூறு கி.மீ. பிசகு இல்லைங்க, மொத்த விடையே தற்செயல். எக்செலில் சைன், காஸ் எல்லாம் ரேடியனில்தான் (கோணத்துக்கான இன்னொரு அலகு, 180 டிகிரி = π ரேடியன்) இயங்கும். நீங்கள் டிகிரியை அப்படியே கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு கோணத்தையும் ரேடியன்ஸ்() என்ற செயற்கூறுக்குள் போடுங்கள். சரிபார்க்க (0, 0), (0, 90) கொடுத்துப் பாருங்கள்: 10,008 வர வேண்டும். 12,968 வந்தால் இன்னும் டிகிரியில்தான் ஓடுகிறது.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், சோதனை சரி. ஆனால் சென்னை–லண்டன் இப்போது 8,172.

பதில் 1:
ஹீத்ரோ கிரீனிச்சுக்கு (தீர்க்கரேகை 0) மேற்கே இருக்கிறது, மேற்கே என்றால் மைனஸ். −0.45 என்று போடுங்கள், 8,234 வரும். பூமியை முழுக்கோளமாக எடுப்பதால் 0.5% வரை வித்தியாசம் இருக்கலாம். பயணக் கணக்குக்கு இது தாராளம்.

பதில் 2:
நேரத்துக்கு: இரண்டையும் யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிய பிறகே கழியுங்கள். சென்னை 05:30 என்றால் யுடிசி 00:00. லண்டன் கோடையில் 11:35 என்றால் யுடிசி 10:35. ஆக 10 மணி 35 நிமிடம். இந்திய நேரத்துக்கும் லண்டனுக்கும் இடைவெளி கோடையில் 4:30, குளிர்காலத்தில் 5:30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும் என்பதால் இடைவெளியை நிலையான எண்ணாக எழுதிவைக்காதீர்கள், தேதியைப் பார்த்து எடுக்கும்படி வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. விமான வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்தால் 8,234 ÷ 900 என்பது 9 மணி 9 நிமிடம்தானே? 10 மணி 35 நிமிடத்தில் மீதி எங்கே போகிறது?

பதில் 3:
அந்த 8,234 யாரும் பறக்காத கோடு. அது சிந்து, ஈரான், காஸ்பியன் கடல் தாண்டி ரஷ்யாவின் தென்பகுதி, உக்ரைன் வழியாகப் போகிறது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடியே இருக்கிறது. அதனால் தெற்கே துருக்கிப் பக்கம் சுற்ற வேண்டும். தூரத்தை 8,600 என்று வையுங்கள். மேற்கே போகும்போது ஜெட் காற்று (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகமான காற்று) எதிரே அடிக்கும். மணிக்குச் சராசரி 50 கி.மீ. கழித்தால் தரைவேகம் (தரையை வைத்துப் பார்க்கும் வேகம்) 850. 10 மணி 7 நிமிடம் ஆகிறது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏற்றம், இறக்கம் எல்லாம் சேர்த்து அரை மணி கூட்டுங்கள். அட்டவணை நேரம் நிறுத்துமிடத்திலிருந்து நிறுத்துமிடம் வரைக்குமானது. திரும்பும்போது அந்த 50ஐக் கழிக்காமல் கூட்டுங்கள்.