சிறந்த இயக்குநர் ஒரு படத்திற்கு, சிறந்த படம் வேறொன்றிற்கு: ஆஸ்கரில் இது எப்படி நேர்கிறது?

கடைசிவரிசை (கேள்வி):

புதுச்சேரிக் காட்சிகளுக்காகவும் பாம்பே ஜெயஸ்ரீயின் தமிழ்த் தாலாட்டுக்காகவும் 'லைஃப் ஆஃப் பை' படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். அந்தத் தாலாட்டு சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றது என்பது நினைவில் இருந்ததால், 2013ஆம் ஆண்டு விழாவின் முடிவுகளை எடுத்துப் படித்தேன். 11 பரிந்துரைகளுடன் வந்த அப்படம் 4 விருதுகளைப் பெற்றிருக்கிறது; அன்றிரவு வேறெந்தப் படமும் அத்தனை விருதுகளைப் பெறவில்லை. ஆங் லீ சிறந்த இயக்குநரானார். ஆனால் சிறந்த படத்திற்கான விருது, மொத்தம் 3 விருதுகளைப் பெற்ற 'ஆர்கோ'வுக்குச் சென்றது. அதன் இயக்குநர் பென் அஃப்லெக்கின் பெயரோ இயக்குநர் பிரிவின் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை.

இதே ஆங் லீ 2006இல் 'ப்ரோக்பேக் மவுண்டன்' படத்திற்காகச் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றபோதும் சிறந்த படமாக 'க்ராஷ்' அறிவிக்கப்பட்டது. ஒரே மனிதருக்கு இது இருமுறை நேர்ந்திருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஒரு படத்தை மிகச் சிறப்பாக இயக்கியவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அதே உறுப்பினர்கள், அவருடைய படத்தைச் சிறந்த படம் என்று ஏற்க மறுப்பது எப்படி? விதிமுறைகளை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

எண்ணுகிறவன்:

இரு விருதுகளுக்கும் வாக்களிப்பவர்கள் ஒரே கூட்டத்தினர்தாம் என்றாலும், வாக்குகளை எண்ணும் முறை வேறு. அதிலிருந்து தொடங்குவது நல்லது.

பரிந்துரைக் கட்டத்தில் அந்தந்தத் துறையினர் தங்கள் துறைக்கு மட்டும் பரிந்துரைக்கிறார்கள். இயக்குநர்களை இயக்குநர் பிரிவினரே முன்மொழிகிறார்கள். சிறந்த படத்தை மட்டும் எல்லா உறுப்பினரும் பரிந்துரைக்கலாம். அஃப்லெக் விடுபட்டும் அவருடைய படம் பட்டியலில் இடம்பெற்றதற்கு இதுவே காரணம். இறுதிச் சுற்றில் எல்லாரும் எல்லாப் பிரிவுகளுக்கும் வாக்களிக்கிறார்கள். இயக்குநர் பிரிவில் 5 பேரில் ஒருவரைக் குறித்தால் போதும். யாருக்கு அதிக வாக்கோ அவர் வென்றார். வாக்குகள் சிதறினால், 100 பேரில் 21 பேருடைய ஆதரவு மட்டும் பெற்றவரும் வெல்லக்கூடும்.

சிறந்த படத்திற்கு அப்படியன்று. 2010ஆம் ஆண்டு விழாவில் இப்பிரிவின் பரிந்துரைகளை 5இலிருந்து 10ஆக உயர்த்தியபோது விருப்பவரிசை வாக்குமுறையையும் கொண்டுவந்தார்கள். (அதற்கு முந்தைய ஆண்டு 'தி டார்க் நைட்' சிறந்த படப் பட்டியலில் இடம்பெறாமல் போனதால் எழுந்த முணுமுணுப்பே இந்த உயர்வுக்குக் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது.) உறுப்பினர் ஒவ்வொருவரும் படங்களை 1, 2, 3 என வரிசைப்படுத்த வேண்டும். முதல் விருப்பங்களில் எந்தப் படமும் பாதியைத் தாண்டவில்லை என்றால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்கிவிட்டு, அதற்கு முதலிடம் தந்தவர்களின் வாக்குச்சீட்டுகளை அவர்களுடைய அடுத்த விருப்பத்திற்கு மாற்றுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் பின்பற்றப்படுவதும் ஏறக்குறைய இதுவே, 1969இல் வி. வி. கிரி இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகுதான் வென்றார்.

இதன் விளைவு எளிதில் விளங்கும். பலரை மெய்மறக்கச் செய்து வேறு பலரைச் சலிப்படையச் செய்யும் படத்தைவிட, பெரும்பாலானோர் இரண்டாவது, மூன்றாவது இடம் கொடுக்கும் படத்திற்கு இம்முறை சாதகமானது. 2016இல் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' 6 விருதுகளை அள்ளியது, இயக்குநர் விருது 'தி ரெவனன்ட்' படத்தின் இன்யாரித்துவுக்குப் போனது, ஆயினும் திரைக்கதை விருதை மட்டும் அதுவரை பெற்றிருந்த 'ஸ்பாட்லைட்' சிறந்த படமாயிற்று. 2022இல் 12 பரிந்துரைகளைப் பெற்ற 'தி பவர் ஆஃப் தி டாக்' படத்திற்கு ஜேன் கேம்பியனின் இயக்குநர் விருது ஒன்றே மிஞ்சியது. சிறந்த படம் 'கோடா'.

தீவுக்காரி:

எங்கள் நாட்டவருக்கு இது எளிதில் புரியும். 2024 செப்டம்பரில் நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கை வரை போக வேண்டியிருந்தது. ஒரு வேறுபாடு உண்டு: இங்கே முதல் இருவரைத் தவிர ஏனைய எல்லா வேட்பாளர்களும் ஒரேயடியாக நீக்கப்படுவார்கள், ஆஸ்கரில் ஒவ்வொன்றாக நீக்குகிறார்கள். ஆகையால் அங்கே முதற்சுற்றில் மூன்றாமிடத்திலோ நான்காமிடத்திலோ நிற்கும் படமும் மெல்ல மேலேறி வெல்ல முடியும்.

பழையரீல்:

எண்ணுகிறவன் ஐயாவின் விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் கேட்டவரின் கேள்விக்கு அது பாதி விடைதான். 2006இல் விருப்பவரிசை முறையே கிடையாது. அப்போது 5 படங்கள், ஒரு வாக்கு, அதிக வாக்கு பெற்றதே வெற்றி, அவ்வளவுதான். அந்த எளிய முறையிலேயே ஆங் லீக்கு முதல் ஏமாற்றம் நேர்ந்துவிட்டது.

கணக்கைச் சற்று நீட்டிப் பார்ப்போம். 1983 முதல் 1998 வரையிலான 16 விழாக்களில் இவ்விரு விருதுகளும் பிரிந்தது ஒரே ஒருமுறை, 1990இல். அடுத்து 1999இல் ஸ்பில்பெர்க் 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்திற்காக இயக்குநர் விருதைப் பெற, சிறந்த படம் 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' ஆனது. பிறகு 2001, 2003, 2006 என்று இது அடிக்கடி நிகழத் தொடங்கியது. புதிய முறை வந்த 2010 முதல் 2025 வரை உள்ள 16 விழாக்களில் 6 முறை பிரிந்திருக்கின்றன: 2013, 2014, 2016, 2017, 2019, 2022. ஆக, 2000 முதல் 2009 வரை பத்தில் மூன்று, பின்னர் பதினாறில் ஆறு. பெரிய வேறுபாடு இல்லை. மாற்றம் வாக்குமுறைக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றுதான் இந்த எண்கள் சொல்கின்றன.

என் கருத்தில், உறுப்பினர்கள் இயக்குநர் விருதைத் தொழில்நுட்ப வல்லமைக்கான பாராட்டாகப் பார்க்கத் தொடங்கியதே முக்கியக் காரணம். கடலும் புலியுமாக 'லைஃப் ஆஃப் பை', விண்வெளியைக் கண்முன் நிறுத்திய 'கிராவிட்டி', பனிக்காட்டில் 'தி ரெவனன்ட்' என்று எடுப்பதற்கே அரிய படங்களுக்கு இயக்குநர் விருது. '12 இயர்ஸ் எ ஸ்லேவ்', 'ஸ்பாட்லைட்', 'மூன்லைட்' போன்று, பேசும் பொருளால் மனத்தைத் தொடும் படங்களுக்குச் சிறந்த படம். 'கிராவிட்டி' 7 விருதுகளை வென்றும் முதன்மை விருதை இழந்தது. அதன் இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோனுக்கு 2019இல் 'ரோமா'வாலும் அதே கதிதான். ஆங் லீ தனியாள் இல்லை என்று கேட்டவர் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் 'ரோமா' என் வகைப்பாட்டிற்குள் சரியாக அடங்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது அமைதியான, கறுப்பு வெள்ளைப் படம். அதை வென்ற 'கிரீன் புக்'கோ கடுமையான எதிர்ப்பையும் சந்தித்த படம். எல்லாருக்கும் பிடித்த படமே வெல்லும் என்ற வாதமும் அங்கே சற்று ஆட்டங்காண்கிறது.

கடைசிவரிசை:

இருவருக்கும் நன்றி. 2013இல் 'ஆர்கோ' முதல் விருப்பத்திலேயே முந்தியிருந்ததா, இல்லை கீழிருந்து ஏறி வந்ததா என்பதைத் தெரிந்துகொள்ள வழியுண்டா?

எண்ணுகிறவன்:

இல்லை. எண்ணிக்கையைக் கணக்காய்வு நிறுவனம் நடத்துகிறது. வென்றவரின் பெயர் தவிர வேறெந்த எண்ணும் வெளியிடப்படுவதில்லை. ஆகவே நாம் இருவரும் இங்கே செய்வது, மூடிய பெட்டியைக் குலுக்கிப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்வதுதான். பழையரீல் காட்டிய எண்களுக்குப் பின் என் வாதத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன்: இம்முறை பிளவை உண்டாக்கவில்லை, அதற்கு இடங்கொடுக்கிறது. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இவ்விரு விருதுகளும் ஒரே படத்திற்கே சென்றிருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பழையரீல்:

பேச்சோடு பேச்சாக ஒன்று. 2017இல் உறை மாறிப்போய், 'மூன்லைட்' வென்ற விருது முதலில் 'லா லா லேண்ட்' படத்திற்கு அறிவிக்கப்பட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். இயக்குநர் விருதைச் சற்று முன்புதான் 'லா லா லேண்ட்' பெற்றிருந்தது. தவறான உறையைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் திகைத்து நின்ற வாரன் பீட்டி, 1982இல் 'ரெட்ஸ்' படத்திற்காகச் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றவர். அந்த ஆண்டின் சிறந்த படம் 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்'.