தமிழ் டெக்ஸ்ட் லைப்ரரிக்கு பிகினர் கைடு எழுதணும், 14 தலைப்பு போட்டாச்சு, எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல

எழுத்துப்பிழை_92:

வணக்கம் மக்களே. நாங்க மூணு பேர் வேலை முடிஞ்ச நேரத்துல ஒரு சின்ன பைத்தான் லைப்ரரி (மத்தவங்க தங்களோட ப்ரோக்ராம்ல எடுத்துப் போட்டுக்குற ரெடிமேட் கோட்) வச்சு ஓட்டிட்டு இருக்கோம். தமிழ் டெக்ஸ்ட்ட எழுத்தெழுத்தா பிரிக்கிறது, அகரவரிசைல அடுக்குறது, பழைய ஃபான்ட்ல அடிச்சத யூனிகோடுக்கு மாத்துறது, இந்த மாதிரி வேலைக்கு. கோட் பரவால்ல, டாக்குமெண்டேஷன்தான் கேவலமா இருக்கு. கோடுக்குள்ளயே எழுதி வச்ச குறிப்புல (டாக்ஸ்ட்ரிங்) இருந்து ஸ்ஃபிங்ஸ்ங்குற டூல் தானா கக்குன ஃபங்ஷன் லிஸ்ட் மட்டும்தான் சைட்ல கிடக்கு, அதப் பாத்து நானே என் லைப்ரரிய கத்துக்க முடியாது.

போன மாசம் உக்காந்து 14 தலைப்பு போட்டோம். இன்ஸ்டால் பண்றது, வெர்ச்சுவல் என்விரான்மென்ட்னா என்ன, ஸ்ட்ரிங்னா என்ன, யூனிகோட் வரலாறு, டோக்கனைசர் க்ளாஸ், நார்மலைசர் க்ளாஸ், கன்வெர்ட்டர் க்ளாஸ்னு போய் கடைசில காண்ட்ரிப்யூட் பண்றது வரைக்கும். இதுல ரெண்டு எழுதியும் போட்டாச்சு. ஒருத்தரும் படிச்ச மாதிரி தெரியல, இஷ்யூல (பயன்படுத்துறவங்க கேள்வி, புகார் போடுற பக்கம்) அதே பழைய கேள்விதான் திரும்பத் திரும்ப வருது.

வர்றவங்கள்ல பாதிப்பேர் டெவலப்பரே கிடையாது. தமிழ் எம்.ஏ., பிஎச்.டி. பண்றவங்க, சின்ன பதிப்பகத்துல இருக்குறவங்க, அப்புறம் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்காக ஓடி வர்ற இன்ஜினியரிங் பசங்க. இவங்களுக்கு யூனிகோட்ல இருந்து விளக்கிட்டுத்தான் தொடங்கணுமா, இல்ல நேரா வேலைக்குள்ள போயிடலாமா? ஸ்க்ரீன்ஷாட் போடணுமா? எத்தன கைடு இருந்தா போதும்? இதே வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

மேனுவல்_மன்னாரு:

நான் பத்து வருஷமா டெக்னிக்கல் ரைட்டிங்லதான் சோறு சாப்பிடுறேன், அதனால கொஞ்சம் கறாரா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

பிகினர் கைடுன்னு ஒரே பேர்ல ரெண்டு வேற வேற சரக்க போட்டு வச்சிருக்கீங்க. சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுக்குறது வேற, ஓட்டிட்டு இருக்குறப்ப செயின் கழண்டா மாட்டுறது எப்படின்னு சொல்றது வேற. முதல்ல சொன்னது டுடோரியல், ரெண்டாவது ஹவ் டு கைடு. டயாடாக்ஸிஸ்னு ஒரு முறை இருக்கு, டானியேலே ப்ரோசிடா உருவாக்குனது, அதுல டுடோரியல், ஹவ் டு, ரெஃபரன்ஸ், விளக்கம்னு நாலா பிரிச்சிருப்பாரு. ஜாங்கோன்னு பைத்தான்ல வெப்சைட் கட்டுற ஃப்ரேம்வொர்க் இருக்கு, அதோட டாக்ஸ திறந்து பாருங்க, முகப்புலயே இந்த நாலையும் தனித்தனியா சொல்லிருப்பாங்க, அதுல ஓட்டுப்பெட்டி மாதிரி ஒரு போல்ஸ் ஆப்ப கட்டிக்கிட்டே போறதுதான் டுடோரியல். நடுவுல எங்கயும் நின்னு தத்துவம் பேச மாட்டாங்க. உங்க யூனிகோட் வரலாறு இந்த நாலுல கடைசி டப்பா. அத வாசல்ல கொண்டு வந்து வச்சா யாரு உள்ள வருவா?

அடுத்தது தலைப்பு. டோக்கனைசர் க்ளாஸ்ன்றது உங்க கோடுக்குள்ள இருக்குற பேரு. காலைல எந்திரிச்சு இன்னிக்கு டோக்கனைசர் க்ளாஸ பயன்படுத்தணும்னு நினைக்கிற ஒரு ஜீவன் உலகத்துல இல்ல. அவங்க கைல ஒரு ஃபைலோட வர்றாங்க, அந்த ஃபைல என்ன செய்யணுமோ அதத்தான் தலைப்பா வைக்கணும். உதாரணத்துக்கு, பேர்ப்பட்டியல அகரவரிசைல அடுக்குவது எப்படி. பைத்தான்ல சும்மா சார்ட்டட் போட்டா ‘மனம்’ முன்னாடியும் ‘மரம்’ பின்னாடியும் வரும், ஏன்னா யூனிகோட்ல ன வந்து ந-வுக்கு அடுத்து உக்காந்திருக்கு, ற வந்து ர-வுக்கு அடுத்து. நம்ம அகராதில ற, ன ரெண்டும் கடைசி. நூலுக்கு சொல்லடைவு தயாரிக்கிறவருக்கு இது உயிர் போற பிரச்சனை. அந்த ரெண்டு சொல்லையும் போட்டு, முதல்ல தப்பா வர்றத காட்டி, அடுத்த வரில உங்க ஃபங்ஷன போட்டு சரியா வர்றத காட்டுங்க. கைடு முடிஞ்சுது, அரைப்பக்கம்.

எத்தன வேணும்னா, இஷ்யூல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி எத்தனயோ அத்தன. 14 எல்லாம் வேண்டாம், உங்களால பராமரிக்க முடியாது.

சும்மா_வந்தேன்:

இதெல்லாம் இப்ப எதுக்கு ப்ரோ, ஏஐ கிட்ட குடுத்தா ஒரு மணி நேரத்துல 14 கைடும் எழுதித் தந்துரும்

எழுத்துப்பிழை_92:

தந்துச்சு ப்ரோ. ரொம்ப அழகா எழுதிருந்துச்சு, எங்க லைப்ரரில இல்லாத மூணு ஃபங்ஷன வச்சு 😅

வடமராட்சிப்பெடியன்:

நான் யாழ்ப்பாணம். உங்கட லைப்ரரிய நான் பாவிக்கிறது ஒரேயொரு விசயத்துக்குத்தான், பாமினி எண்ட பழைய தமிழ் ஃபான்ட்டில அடிச்சத யூனிகோடுக்கு மாத்த. எங்கட பக்கம் பாமினியில அடிச்சுப் பழகின ஆக்கள் இன்னும் கனபேர் இருக்கினம், பழைய சஞ்சிகை, மலர், கோயில் கும்பாபிஷேக நூல் எண்டு எல்லாம் அதிலதான் கிடக்கு. இதுக்கு ஒரு கைடு இல்லாதது எனக்கு விளங்கவே இல்ல.

ஆனா எழுதேக்க ஒண்டக் கட்டாயம் சொல்லுங்கோ. பாமினி ஃபைலுக்குள்ள உண்மையில இருக்கிறது இங்கிலிஷ் எழுத்துத்தான். ‘அம்மா’ எண்டது உள்ளுக்குள்ள எம், கே, செமிகோலன், கே, ஹெச் எண்டுதான் கிடக்கும், ஃபான்ட்தான் அத அம்மாவா காட்டுது. புதுசா வாற ஆள் வேர்ட்டில இருந்து எல்லாத்தையும் டெக்ஸ்ட் ஃபைலா சேவ் பண்ணி கன்வெர்ட்டருக்குள்ள போடுவார். அப்ப ஃபான்ட் விவரம் போயிடும், எது பாமினி எது உண்மையான இங்கிலிஷ் எண்டு தெரியாது. நான் ஒரு நினைவு மலர மாத்தேக்க அதில இருந்த ஆங்கில மேற்கோள் எல்லாம் வாயில நுழையாத தமிழாப் போட்டுது, 80 பக்கம், திரும்ப ஒவ்வொண்டாப் பாத்துத் திருத்தினனான். வேர்ட்டிலயே ஃபான்ட் பேர வச்சுப் பிரிச்செடுக்கிற வழிய முதல் படியா வையுங்கோ. அது உங்கட லைப்ரரிக்கு வெளிய நடக்கிற வேலை எண்டு விட்டிட வேண்டாம், ஆக்கள் விழுறது அந்தப் படியிலதான்.

லேப்_அசிஸ்டெண்ட்:

மேல தம்பி சொன்னதுக்கு நூறு லைக். வெளிய நடக்குற வேலைலதான் எல்லாரும் சாகுறாங்க. நான் காலேஜ் லேப்ல இருக்கேன், போன செமஸ்டர் உங்க லைப்ரரிய ரெண்டு பொண்ணுங்க ப்ராஜெக்ட்டுக்கு எடுத்தாங்க, நான் பக்கத்துல சேர் போட்டு உக்காந்து வாயத் திறக்காம பாத்தேன். உங்க இன்ஸ்டால் பக்கத்துல கமாண்டுக்கு முன்னாடி ஒரு டாலர் குறி போட்டிருக்கீங்கல்ல, அது ப்ராம்ப்ட், கமாண்டோட சேந்தது இல்லன்னு உங்களுக்குத் தெரியும், அந்தப் பொண்ணு டாலரோட சேத்து காப்பி பண்ணி ஒட்டுச்சு, சிவப்பு எழுத்துல திட்டு விழுந்துச்சு. சரி டாலர எடுத்துட்டு அடிச்சா பிப்னு (பைத்தான் லைப்ரரி இன்ஸ்டால் பண்ற கமாண்ட்) ஒண்ணே இல்லங்குது, ஏன்னா பைத்தான் இன்ஸ்டால் பண்றப்ப கீழ பாத்-ல சேக்கணுமான்னு கேக்குற கட்டத்துல டிக் போடல. அதையும் தாண்டி வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் தனி பைத்தான் இடம்) உருவாக்கி ஆக்டிவேட் பண்ணப் போனா பவர்ஷெல் இந்த கம்ப்யூட்டர்ல ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லன்னு சொல்லிருச்சு. நாப்பது நிமிஷம் ஆச்சு, இன்னும் உங்க லைப்ரரில ஒரு வரி ஓடல. இன்னொரு பொண்ணு அதுக்குள்ள ப்ராஜெக்ட் தலைப்பயே மாத்திக்கலாமானு கேக்குது.

அதனால என் ஆலோசனை, முதல் கைடுல இன்ஸ்டாலே வேண்டாம். கூகுள் கோலாப்ல ஒரு நோட்புக் போட்டு லிங்க் குடுங்க, பிரவுசர்ல திறந்து ப்ளே பட்டன அமுக்குனா அஞ்சு நிமிஷத்துல ஒரு தமிழ் வரி திரைல வந்துரும். அப்புறம் இன்ஸ்டால் கைட விண்டோஸுக்குன்னு தனியா எழுதுங்க, ஏன்னா நீங்க மூணு பேரும் லினக்ஸ்ல இருக்கீங்கன்னு அந்தப் பக்கத்தப் பாத்தாலே தெரியுது.

சந்திப்பிழை:

எல்லாம் சரி, ஆனா யூனிகோட வாசல்ல வைக்காதன்னு மன்னாரு சொன்னத நான் முழுசா ஏத்துக்க மாட்டேன். ‘தமிழ்’னு ஒரு சொல்ல குடுத்து நீளம் எவ்வளவுன்னு கேட்டா பைத்தான் 5-ன்னு சொல்லும். நம்ம கணக்குல 3. மெய்யெழுத்தோட புள்ளியும் இகரக் குறியும் தனித்தனி குறியீடு, அதான் விஷயம். இதச் சொல்லாம விட்டா, தமிழ் படிச்சவங்க உங்க லைப்ரரி மேலதான் தப்புன்னு நினைப்பாங்க, நான் நினைச்சேன்.

அத விட மோசம் ‘கொ’. க கூட ஒகரக் குறியீட்ட ஒரே துண்டா சேத்தும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் ரெண்டு துண்டா சேத்தும் எழுதலாம், கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், தேடுனா கிடைக்காது. ஆய்வுக்காக ஒரு தொகுப்புல ‘கொடி’ எத்தன தடவ வருதுன்னு எண்ணுனேன், வர வேண்டியதுல பாதிதான் வந்துச்சு, மிச்சம் எங்க போச்சுன்னு ரெண்டு நாள் மண்டைய உடைச்சேன். என்எஃப்சி-ன்னு ஒரு நார்மலைசேஷன் போட்டா ரெண்டும் ஒண்ணாயிரும், ஒரே வரி வேலை.

மேனுவல்_மன்னாரு:

@சந்திப்பிழை விளக்கம் வேண்டாம்னு நான் சொல்லல, எங்க வைக்கிறதுன்னுதான் கேள்வி. சொல் எண்ணுற கைடுல, எண்ணிக்கை குறையுதான்னு கேட்டு அந்தக் ‘கொடி’ கதைய நாலு வரில போட்டு, முழு விவரத்துக்கு லிங்க் குடுத்தா முடிஞ்சுது. தடுக்கி விழுந்த இடத்துல படிக்கிறது மண்டைல நிக்கும். யூனிகோட் வரலாறுன்னு தலைப்பு போட்டா தடுக்கி விழாதவன்தான் படிப்பான்.

சந்திப்பிழை:

சரி, அது ஒத்துக்குறேன். ஆனா 5, 3 விஷயம் மட்டும் முதல் கைடுலயே இருக்கணும், அதுல விட்டுக்குடுக்க மாட்டேன்.

பில்ட்_உடைஞ்சுபோச்சு:

யாரும் சொல்லாத ரெண்டு. ஒண்ணு, கைடுல போடுற கோட எல்லாம் டாக்டெஸ்ட்ல (டாக்ஸ்ல இருக்குற உதாரணத்த ஓட்டி விடை சரியான்னு பாக்குற டூல்) ஓட்டுங்க, கோட் மாறுறப்பல்லாம் தானா டெஸ்ட் ஓடுற சிஐ-ல சேத்துருங்க. ஃபங்ஷன் பேர மாத்துன அன்னிக்கே டாக்ஸ் உடையும், ஆறு மாசம் கழிச்சு யாரோ ஒருத்தர் வந்து வேலை செய்யலன்னு சொல்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட்ட அப்படி டெஸ்ட் பண்ண முடியாது, அதனால பைத்தான் இன்ஸ்டாலர்ல அந்த டிக் போடுற கட்டம் மாதிரி வார்த்தைல சொன்னா புரியாத எடத்துக்கு மட்டும் போடுங்க.

ரெண்டு, சிஎஸ்வி-ல எழுதி எக்செல்ல டபுள் க்ளிக் பண்ணி திறந்தா தமிழ் போய் மேல சின்ன சாய்கோடு போட்ட ஏ-வும் வட்டத்துக்குள்ள ஆர்-உமா வருதுன்னு கேக்காத ஆளே இல்ல. எழுதுறப்ப என்கோடிங்ல யுடிஎஃப்-8-சிக்-னு போடணும், அவ்ளோதான். இதுக்கு கைடு கூட வேண்டாம், உங்க எல்லா உதாரணத்துலயும் ஃபைல் திறக்குற வரிய அப்படியே எழுதிருங்க, ஜனங்க அதத்தான் காப்பி பண்ணப் போறாங்க.

எழுத்துப்பிழை_92:

எல்லாருக்கும் பெரிய நன்றி. டாலர் குறி விஷயத்துல நெசமாவே தலை குனிஞ்சுட்டேன், நேத்து ராத்திரியே எடுத்தாச்சு.

மூணு பேரும் பேசிட்டு 14-ஐ தூக்கிப் போட்டோம். இப்போதைக்கு ஒரு கோலாப் நோட்புக், அதுல முதல் செல்லே ‘தமிழ்’ 5, 3. அப்புறம் நாலு கைடு: பாமினி ஃபைல மாத்துறது, பேர்ப்பட்டியல அடுக்குறது, ஒரு நூல்ல சொல் எண்ணுறது, விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்றது. இஷ்யூல எண்ணிப் பாத்தேன், கடைசி 31 கேள்வில 22 இந்த நாலுக்குள்ளயே அடங்கிருது. யூனிகோட் வரலாறு எழுதுன நண்பன்தான் கொஞ்சம் முகத்த தூக்கி வச்சிருக்கான், அதையும் பின்னாடி லிங்கா வைக்கிறோம்னு சொல்லி சமாதானப்படுத்திருக்கோம்.

@வடமராட்சிப்பெடியன் அந்த நினைவு மலர்ல ஆங்கில மேற்கோளோட இருக்குற ஒரு ரெண்டு பக்கம் மட்டும், வேர்ட் ஃபைலாவே, உதாரணத்துக்குத் தர முடியுமா? குடும்பத்துக்காரங்க பேரெல்லாம் எடுத்துட்டு குடுத்தா போதும்.

வடமராட்சிப்பெடியன்:

ஓம், தாறன். பின்னேரம் வேலை முடிஞ்சு வந்து பேர்கள எடுத்துப்போட்டு இஷ்யூவில இணைச்சு விடுறன். ஆனா அதில ரெண்டு மூண்டு வரி வேற ஏதோ ஃபான்ட்டிலயும் கிடக்கு, என்னவெண்டு எனக்கே இன்னும் பிடிபடேல்ல.