ஒகேனக்கல் தண்ணி: கூட்டாண்மையை எதை வைத்து அளப்பது?

பென்னாகரத்தான்:
ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 17ஆவது, நாடுகளின் கூட்டாண்மை. அதன் அளவுகோல்களில் பணக் கணக்குதான் முன்னால் நிற்கிறது: வளரும் நாடுகளுக்கு எவ்வளவு நிதி திரட்டினார்கள், அரசு-தனியார் கூட்டுத் திட்டங்களுக்கு எத்தனை டாலர் ஒதுக்கினார்கள். நம் ஊர்க் கதையைப் பாருங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் ஜப்பான் கடன் ஒப்பந்தம், 2013இல் திறப்பு, மதிப்பு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது; அதாவது தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லில் கறை படிவது போன்ற பாதிப்பைக் குறைப்பது. பிள்ளைகளின் பல்லைப் பார்க்காமல் இது வெற்றியா தோல்வியா என்று யார் சொல்வது?

ஓசூர் வாசகன்:
அண்ணா, தண்ணீருக்கு 6ஆவது இலக்கு தனியாக இருக்கிறதே. 17 எதற்கு? பணக்கார நாடுகள் கொடுத்த வாக்கைக் கேட்டு வாங்க. தேசிய வருமானத்தில் 0.7% உதவி தர வேண்டும் என்று 1970இலேயே ஐ.நா. தீர்மானம் போட்டது. ஜப்பான் இன்னும் அதை எட்டவில்லை. பல்லை எண்ணத் தொடங்கினால் இந்தக் கேள்வி அமுங்கிப் போகும். இந்த இலக்குகளில் மாநிலங்களுக்கு மதிப்பெண் போடும் நிதி ஆயோக் குறியீட்டைப் பாருங்கள்: 17க்கு மதிப்பெண்ணே இல்லை, விவரிப்பு மட்டும்தான்.

பென்னாகரத்தான்:
அந்த 0.7 கணக்கிலும் ஓட்டை இருந்தது தம்பி. சலுகைக் கடனை முழுத் தொகையாக உதவியில் சேர்த்து, நாம் திருப்பிக் கட்டும்போது கழித்தார்கள். 2018 கணக்கிலிருந்துதான் சலுகைப் பகுதியை, அதாவது குறைந்த வட்டியாலும் நீண்ட தவணையாலும் நமக்கு மிச்சமாகும் தொகையை மட்டும் எண்ணுகிறார்கள்.

காரிமங்கலம் டீச்சர்:
எங்க தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணி வருது. கோடையில பத்தாம, அதே டேங்க்ல போர் தண்ணியையும் ஏத்திடறாங்க. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடுதான் ஏற்கத்தக்க அளவு, வேற வழியே இல்லைன்னா 1.5. மழைக்காலத்துல டேங்க்ல எடுத்த மாதிரிய வச்சு நல்ல தண்ணின்னு எழுதினா எப்படி? சித்திரையில, தெருக்கடைசி வீட்டுக் குழாயில பிடிச்சுப் பாக்கணும்.

ஓசூர் வாசகன்:
டீச்சர், போர் தண்ணி கலந்ததற்கு டோக்கியோ எப்படிப் பொறுப்பு? இதையும் 17இல் போட்டால் நல்லதெல்லாம் கடன் கொடுத்தவர் கணக்கு, கெட்டதெல்லாம் பஞ்சாயத்துக் கணக்கு என்றாகிவிடும்.

பென்னாகரத்தான்:
பொறுப்பை அவர்கள் தலையில் மட்டும் கட்டச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட இருவரும் சேர்ந்து அளக்கட்டும். ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைக்கா, திட்டம் முடிந்து சில ஆண்டுகளில் ஒரு பின்மதிப்பீடு செய்வது வழக்கம். ஆனால் பல் கறை, ஈறுக்குள் பல் உருவாகும்போதே படிவது. எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீரின் வேலை அது. 2013க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு ஆறு, ஏழு வயதில்தான் முன் நிரந்தரப் பல் முளைக்கும். அதற்குள் மதிப்பீட்டுக் கோப்பை மூடிவிட்டால் எதை அளந்தார்கள்? கடன் தவணை ஓடும்வரை அளவீடும் ஓடட்டும்.

ஓசூர் வாசகன்:
தவணை முடியும்வரை என்பது எனக்குச் சம்மதம். ஆனால் அதை 6இன் கீழ் வையுங்கள். 17இல் 0.7ஐ விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காரிமங்கலம் டீச்சர்:
எதுக்குக் கீழ வேணா வைங்க. 2013க்கு அப்புறம் பிறந்த பிள்ளைங்க இப்ப நடுநிலைப் பள்ளியில உட்காந்திருக்காங்க. பல் டாக்டரக் கூட்டிட்டு வந்தா ஒரு நாள்ல பாத்துடலாம்.