என் கணினியில் 404, சர்வரில் 500: கோட் மாறவே இல்லை

கேள்வி:
இரண்டு நாளாக மண்டை காய்கிறது. எங்கள் நோட் ஜேஎஸ் அப்ளிகேஷனில் ஆர்டர், பேமென்ட் என இரண்டு மாட்யூல்கள், வேறு வேறு குழுக்கள் எழுதுபவை. இரண்டும் ‘காமன்’ என்ற பொது மாட்யூலைப் பயன்படுத்துகின்றன. தேடிய பதிவு இல்லையென்றால் காமனில் உள்ள நாட்ஃபவுண்ட் எரரை வீசும். மெயின் அப்ளிகேஷன், வந்த எரர் அந்த கிளாஸைச் சேர்ந்ததா என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் வைத்துப் பார்த்து 404 (‘கிடைக்கவில்லை’) அனுப்பும். நேற்று சர்வரில் புதிதாக பில்ட் செய்ததிலிருந்து பேமென்ட் பக்கம் மட்டும் 500 (சர்வர் பிழை). எங்கே தேடுவது?

பதில் 1:
லாக் ஃபைல் (எந்த மாட்யூலின் எந்தப் பதிப்பு என்று பூட்டி வைக்கும் பேக்கேஜ்-லாக் கோப்பு) கிட்டில், அதாவது கோட் சேமிப்பில், இருக்கிறதா? மாட்யூல்களை நிறுவும் கருவியான என்பிஎம்மில், சர்வரில் ‘என்பிஎம் எல்எஸ் காமன்’ ஓட்டி, வருவதை அப்படியே போடுங்கள்.

கேட்டவர்:
லாக் ஃபைல் கிட்இக்னோரில் (கிட்டில் ஏற்ற வேண்டாதவற்றின் பட்டியல்) கிடக்கிறது. சர்வரில் வந்தது:
மெயின் → காமன் 0.4.7
ஆர்டர் 2.1.0 → காமன் 0.4.7
பேமென்ட் 1.3.1 → காமன் 0.5.0
என் கணினியில் பேமென்ட் 1.3.0. அங்கே காமன் ஒன்றே ஒன்றுதான், 0.4.7.

பதில் 2:
பிடிபட்டது. பேமென்ட்டுக்கு ^1.3.0 என்று எழுதியிருப்பீர்கள். 1.3.0 முதல் 2.0.0-க்குக் கீழே எது வந்தாலும் அது ஏற்கும். லாக் இல்லாததால் சர்வர் 1.3.1-ஐ எடுத்துவிட்டது. அந்த 1.3.1 கேட்பது காமன் 0.5.0. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: முதல் எண் பூஜ்யமாக இருந்தால், மெயினும் ஆர்டரும் கேட்டிருக்கக்கூடிய ^0.4.0 போன்றது 0.5.0-ஐ ஏற்காது. நடு எண் மாறினாலே பழையதோடு ஒத்துப்போகாது என்று என்பிஎம் எடுத்துக்கொள்ளும். அதனால் இரண்டு காமனையும் இறக்கி, 0.5.0-ஐ பேமென்ட்டின் சொந்த நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் வைத்துவிட்டது. இரண்டிலும் நாட்ஃபவுண்ட் எரர் என்ற கிளாஸ் உண்டு. பெயர் ஒன்று, ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அவை வேறு வேறு கிளாஸ்கள். இன்ஸ்டன்ஸ்ஆஃப் பொய் என்றுதான் சொல்லும்.

லாக் ஃபைலை கிட்டில் ஏற்றுங்கள், சர்வரில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ வேண்டாம், ‘என்பிஎம் சிஐ’ ஓட்டுங்கள். லாக்கில் உள்ளதை மட்டுமே அது நிறுவும், பேக்கேஜ் ஃபைலோடு பொருந்தாவிட்டால் நின்றுவிடும். பேமென்ட் குழுவிடமும் பேசுங்கள். தாங்கள் வீசும் எரரின் கிளாஸே மாறும்போது அதைக் கடைசி எண்ணில் வெளியிட்டிருக்கக் கூடாது.

பதில் 3:
கூடவே, ஆர்டரிலும் பேமென்ட்டிலும் காமனை பியர் டிபெண்டன்சியாக (தனக்கென்று ஒன்று வைக்காமல், மெயினில் உள்ளதையே பயன்படுத்துவது) மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் மெயினில் உள்ள பதிப்பு ஒத்துவராவிட்டால் என்பிஎம் 7-லிருந்து நிறுவும்போதே பிழை காட்டி நிற்கும்.

கேட்டவர்:
மூன்றையும் செய்தோம். எல்லாரையும் காமன் 0.5.0-க்கு ஏற்றியாயிற்று, இப்போது சர்வரிலும் காமன் ஒன்றுதான், பேமென்ட்டில் 404 வருகிறது. காமனை 1.0.0 ஆக வெளியிடவும் முடிவாகியிருக்கிறது. மிக்க நன்றி.