துணிக்கடையில் உட்காரும் உரிமை: புகாரில் என்ன எழுத வேண்டும்?

மாடிப்படி: சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு மாடியில் 22 பேர், ஸ்டூல் 3. அதுவும் பில் போடுகிற இடத்தில்தான். கேட்டால், "சாப்பாட்டு ரூமில் பெஞ்ச் இருக்கே, சட்டப்படி அது போதும்" என்கிறார் சூப்பர்வைசர். போதுமா? யாரிடம் புகார் கொடுப்பது? வேலை போய்விடுமா?

கருப்பசாமி: போதாதுங்க. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ பிரிவு சேர்த்தார்கள். பணியாளர் எல்லாருக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்கிறது அது. சாப்பாட்டு ரூம் பெஞ்ச் இடைவேளைக்குத்தான் உதவும். வாடிக்கையாளர் இல்லாத அந்தப் பத்து நிமிஷத்துக்கு எட்டுகிற இடத்தில் இருக்கை இருக்கணும்.

எத்தனை பேருக்கு எத்தனை ஸ்டூல் என்று சட்டம் கணக்குச் சொல்லவில்லை. நழுவ விடுகிற ஓட்டை இதுதான். அதனால் "உட்கார விடுவதில்லை" என்று மொட்டையாக எழுதாதீர்கள். மாடி, பிரிவு, ஆள், ஸ்டூல், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நிற்கிறார்கள், உட்கார்ந்தால் அபராதமா என்று தேதி போட்டு எழுதுங்கள்.

ரேவதி_தொழிற்சங்கம்: மனு தொழிலாளர் உதவி ஆணையர், அமலாக்கப் பிரிவுக்குப் போகணும். பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முதல்வர் உதவி எண் 1100-க்கும் சொல்லலாம்.

தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள் அக்கா. சங்கத்தின் பெயரில் கொடுத்தால் யார் சொன்னது என்று கடைக்குள் தேட வழியில்லை. ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் ஸ்டூல் முளைக்கும், மேலாளர் பக்கத்திலேயே நிற்பார். ஆகவே "பணியாளரைத் தனியாக விசாரிக்க வேண்டும்" என்று மனுவிலேயே கேளுங்கள். பதில் வராவிட்டால் கடைக்கு வெளியே உள்ள ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆய்வறிக்கை நகல் கேட்கட்டும்.

வேலை விஷயம்: 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது, அதே சட்டத்தின் பிரிவு 41. நிறுத்தினால் 30 நாளைக்குள் மேல்முறையீடு. தள்ளிப்போட்டால் அதுவே அவர்களுக்குச் சாதகம்.

கோழிக்கோட்டில் விஜி என்ற பெண்ணும் அவர் தொடங்கிய பெண் தொழிலாளர் அமைப்பான பெண்கூட்டும் கழிப்பறையில் தொடங்கி இருக்கை வரை போராடித்தான் 2018-இல் கேரளத்தில் சட்டம் வந்தது. கூட்டாக நின்றதால் கிடைத்தது.

கருப்பசாமி: ஒன்று விட்டுப்போச்சு. ஸ்டூலின் உயரத்தையும் எழுதுங்கள். கவுன்ட்டர் 3 அடி, ஸ்டூல் ஒன்றரை அடி என்றால் உட்கார்ந்து துணி விரிக்க முடியாது, யாரும் உட்கார மாட்டார்கள். பிறகு "கொடுத்தோம், அவங்கதான் உட்காரல" என்பார்கள். இரண்டடிக்குக் குறையாமல், கால் வைக்கக் குறுக்குக் கம்பியோடு கேளுங்கள். அசையாமல் நின்றால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளுவதில்லை. வீக்கமும் நரம்புச் சுருட்டலும் அங்கேதான் தொடங்குது.