பிட்ரேட், ஹோல்டு, அப்புறம் எம்பி3 பிளேயரோடு நாங்கள் மூவர் பட்ட பாடு

பழைய வாக்மேன்:
2006-ல் முதல் சம்பளத்தில் 512 எம்பி எம்பி3 பிளேயர் வாங்கினேன். விரல் நீளம்தான் இருக்கும், உள்ளே ஒரு சின்ன பேட்டரி. "250 பாட்டு பிடிக்கும் தம்பி" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து ஏற்றினால் ஐம்பதிலேயே நிரம்பிவிட்டது. மறுநாள் சண்டைக்கே போனேன். அவர் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டினார். அடியில் எறும்பு எழுத்தில், 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட் தரவு) கணக்கில் 250 என்று போட்டிருந்தது. நான் ஏற்றியதெல்லாம் 320.

பிட்ரேட் என்ற சொல் அன்றுதான் புரிந்தது. ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு செலவாகிறது என்பதுதான் அது. 128 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, 320 என்றால் 2.4 எம்பி. ஆடியோ சிடியில் பிட்ரேட் 1411. அப்படியானால் 128-ல் மிஞ்சுவது பதினொன்றில் ஒரு பங்குதான். காதுக்கு அவ்வளவாகத் தெரியாததைப் பார்த்துக் கழிப்பதால் தப்பிக்கிறோம்.

இது தெரிந்தபிறகும் ஒரு கூத்து அடித்தேன். 128-ல் இருந்த பாட்டுகளை ராத்திரி முழுக்க உட்கார்ந்து 320-க்கு மாற்றினேன். தண்ணீர் கலந்த பாலை அண்டாவில் ஊற்றினால் கெட்டியாகிவிடுமா? இடம் அடைத்ததுதான் மிச்சம்.

திண்டுக்கல்காரன்:
என் பிளேயர் நாலரை நிமிடப் பாட்டை 11 நிமிடம் என்று காட்டும். காரணம் விபிஆர், அதாவது மாறும் பிட்ரேட். பாட்டின் அடர்த்திக்கு ஏற்ப பிட்ரேட் ஏறி இறங்கும். மலிவான பிளேயர் முதல் துணுக்கின் பிட்ரேட்டை வைத்தே மொத்த நேரத்தையும் போட்டுவிடும். தொடக்கம் நிசப்தமாக இருந்தால் போச்சு.

இயர்போன் அக்கா:
பாட்டின் பெயர், பாடகர் பெயரையெல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் குறிப்புதான் டேக்; அது எனக்குத் தந்த தொல்லை தனி. பழைய ஐடி3 டேக் என்பது கோப்பின் கடைசி 128 பைட். பாட்டின் பெயருக்கு அதில் 30 எழுத்துதான், அதுவும் ஆங்கிலத்துக்குச் சரி. நான் ஆசையாகத் தமிழில் அடித்துப் போட்டதெல்லாம் கேள்விக்குறியாக வந்து நின்றன. இன்னொன்று, பாடகர் வரிசையில் போய்ப் பார்த்தால் ஒரே ஒரு பாடகர்! பாட்டு இறக்கிய தளத்தின் முகவரியை எல்லாப் பாட்டிலும் பாடகர் பெயராகப் போட்டிருந்தார்கள்.

திண்டுக்கல்காரன்:
அக்கா, அந்தப் பாடகர் என்னிடமும் 300 பாட்டு பாடியிருக்கிறார்.

அம்மாவுக்கு ஒரு பிளேயரில் பக்திப் பாட்டு ஏற்றிக் கொடுத்தேன். காலையில் கேட்கிற பாட்டு கடைசியில் வருகிறது என்று புகார். பெயருக்கு முன்னால் 01, 02 போட்டும் பலனில்லை. சில பிளேயர்கள் அகரவரிசையைப் பார்ப்பதில்லை, எதை முதலில் காப்பி செய்தோமோ அதைத்தான் முதலில் பாடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஒரு வாரத்தில் மறுபடி போன்: "பெட்டி செத்துப்போச்சுடா, எதை அமுக்கினாலும் அசையல." பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால், பக்கவாட்டில் ஹோல்டு தள்ளியிருக்கிறது. சட்டைப்பையில் தானாக அமுங்காமல் இருக்க எல்லாப் பொத்தானையும் பூட்டி வைக்கும் சின்னச் சுவிட்ச்.

பழைய வாக்மேன்:
தம்பி, உனக்குப் பஸ் காசோடு போனது. நான் ரிப்பேர் கடையில் 50 ரூபாய் கொடுத்து அந்தச் சுவிட்சைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.