காலை ஏழரைக்கே சுட்ட ரேடியேட்டர் குழாய்

பீடோர் குலைலாரி:
பழைய லாரி வாங்கி அடிபட்டவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்திலிருந்து ஆலைக்கு செம்பனைக் குலை ஏற்ற ஒரு 5 டன் லாரி தேவைப்பட்டது. 15 வருட வண்டி, 38,000 மலேசிய வெள்ளி. காலையில் வருகிறேன் என்று முதல் நாளே கடைக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்தேன், அதுதான் நான் செய்த தப்பு. ஏழரைக்குப் போனேன். கேபினைத் தூக்கிக் காட்டினார்கள், எஞ்சின் துடைத்துப் பளபளவென்று இருந்தது. இன்னும் சாவியே போடவில்லை, மேல் ரேடியேட்டர் குழாயில் கை வைத்தேன், சுட்டது. கையை எடுத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் சாவி போட்டார்கள், ஒரே திருகில் பற்றிக்கொண்டது, புகையே இல்லை. முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டர் வேலை செய்யாத மாதிரி நடுக்கம், ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். ராத்திரி எஞ்சின் ஆறும்போது தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்திருக்கிறது, சூடானால் தெரியாது, அதற்குத்தான் நான் வரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் லோடோடு தோட்ட ரோட்டில் எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய் நின்றுவிட்டது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், எனவே வேறு லாரி பிடித்து மாற்றி ஏற்ற 350 வெள்ளி. பட்டறையில் பிரித்தால் 2-ஆம் சிலிண்டருக்கும் 3-ஆம் சிலிண்டருக்கும் நடுவில் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டுக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கிறது, ஹெட்டிலும் விரிசல். பழைய ஹெட் ஒன்று 2,600, கேஸ்கெட் செட்டும் கூலியும் சேர்த்து 3,800. காசை விடுங்கள், கை சுட்ட அந்த நொடி வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அது இன்னும் போக மாட்டேன் என்கிறது.

சுங்காய் வண்டிக்காரர்:
எனக்கு அடிபட்டது சேஸிஸில், லாரியின் அடிச்சட்டத்தில். புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்து அழகாக இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் புஸ்பாகோம் வாகனச் சோதனைக்குக் கொண்டு போகும் முன் கீழே படுத்து, பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சாவியால் சுரண்டினேன். பெயின்ட் தகடாக உரிந்து வந்தது, உள்ளே பழைய வெல்டிங் தடம் மண்புழு போல வளைந்து கிடந்தது, அதற்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு கீறல். எத்தனை முறை அதிக லோடு ஏற்றினார்களோ. தகடு வைத்து ஒழுங்காகச் செய்ய 1,900 ஆனது. வாங்குவதற்கு முன்னாலேயே படுத்துப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், அதனால் படுக்கவில்லை.

டீசல் பம்ப்காரன்:
பீடோர் அண்ணே, கோபிக்க வேண்டாம், எஞ்சின் சூடாக இருந்தால் கடைக்காரர் மறைத்தார் என்றே அர்த்தம் இல்லை. இடம் மாற்றி நிறுத்த ஓட்டியிருக்கலாம். ஹீனோ, இசுசு, ஃபூசோ எதுவானாலும் 15 வருட எஞ்சின் போகிற நேரத்தில் போகும். என் கதை சின்னது. 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் 2.15-லிருந்து 3.35 வெள்ளி ஆனது இல்லையா, மானிய அட்டை கையில் வரும் வரை ஒருவரிடம் டிரம் டீசல் வாங்கி ஊற்றினேன். அதில் தண்ணீர். எஞ்சினுக்குள் டீசல் தெளிக்கும் நாலு இன்ஜெக்டரும் போயின, ரீகான், அதாவது பழையதைச் சரிசெய்து விற்பது, போட்டே 3,000-க்கு மேல். கழற்றிய இன்ஜெக்டரின் முனை காபித்தூள் தடவிய மாதிரி பழுப்பாக இருந்தது.

இனி லாரி பார்க்கப் போகிறவர்கள் கேளுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, கவிழ்த்து அந்த வாய் மேலேயே வையுங்கள். மூடி சும்மா நடுங்கினால் பரவாயில்லை, குதித்து விழுந்தால் அல்லது குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, திரும்பி வந்துவிடுங்கள், எஞ்சின் இறக்கும் செலவு அது. ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டி என்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன், அதாவது ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வரும் டீசலை, பாட்டிலில் பிடித்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள், நாலு பாட்டிலிலும் டீசல் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்க வேண்டும், ஒன்று மட்டும் சீக்கிரம் நிரம்பினால் அது தேய்ந்தது. 1,600 பார் அழுத்தத்தில் வேலை செய்கிற சாமான், ஒரு துளி தண்ணீரைக்கூடத் தாங்காது. நம் நாட்டு டீசலில் செம்பனை பயோடீசல் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், ஆகவே டேங்கைப் பாதி காலியாக வைத்து ராத்திரி நிறுத்தாதீர்கள், வாரம் ஒரு முறை டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரைத் திறந்து தண்ணீரை விடுங்கள். அப்புறம் ஃபில்டர். 60 வெள்ளி ஃபில்டரில் மிச்சம் பிடித்து இன்ஜெக்டரில் கொட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரோப்பெல்லர் ஷாஃப்டின் நடு பேரிங்கையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

தாப்பா மலை ஓட்டுநர்:
எல்லாரும் எஞ்சினையே பேசுகிறீர்கள். எஞ்சின் போனால் லாரி நிற்கும், பிரேக் போனால் நிற்காது. கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு தாப்பா ரோட்டில் இறங்குகிறேன், முதலாளி புதிதாக வாங்கிய பழைய வண்டி, எக்சாஸ்ட் பிரேக், அதாவது புகைக் குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது, அதன் சுவிட்ச் போட்டால் விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. நானும் கால் பிரேக்கையே நம்பி வந்தேன். லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு மேலே ஒரு வளைவில் பிரேக் லைனிங் கருகுகிற வாடை, மிதித்த பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகிறது. எதிரே பள்ளிப் பேருந்து. இரண்டாம் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இடப்பக்க டயரை மலையோரச் சாக்கடையில் இறக்கி உரசவிட்டுத்தான் நிறுத்தினேன். இறங்கினால் கால் நிற்கவில்லை, தக்காளிப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எக்சாஸ்ட் பிரேக் வால்வு கரி பிடித்து இறுகிப் போயிருந்தது, கழுவி மாட்ட 280. பிரேக் ஆயிலை எத்தனை வருடம் மாற்றவில்லையோ, ஈரம் ஏறிக் கொதித்துவிட்டது. டிரம், லைனிங் எல்லாம் சேர்த்து 2,700. பம்ப்கார தம்பி, உங்கள் நீளமான பட்டியலில் பிரேக்குக்கு ஒரு வரிகூட இல்லை.

டீசல் பம்ப்காரன்:
சரி அண்ணே, அது என் தப்புதான்.

பீடோர் குலைலாரி:
தம்பி, இடம் மாற்றி நிறுத்தியிருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள், அதைப் பற்றி மட்டும். அந்தக் கொட்டகைக்கு வெளியே நாலு லாரி வரிசையாக நின்றன. மூன்றின் கண்ணாடியிலும் பனி வழிந்துகொண்டிருந்தது, நான் வாங்கியதில் மட்டும் சொட்டு ஈரம் இல்லை, துணி வைத்துத் துடைத்த கோடு தெரிந்தது. அடியில் தரையில் புதுத் தண்ணீர்ச் சொட்டு வேறு. இடம் மாற்றினால் வண்டிக்கு அடியில் டயர் தடம் இருக்கும், அங்கே தடம் எதுவும் இல்லை, செம்மண் அப்படியே கிடந்தது. இதையெல்லாம் அப்போதே பார்த்தேன், பார்த்தும் வாங்கினேன்.

என் மச்சான் வெள்ளிக்கிழமை தெலுக் இந்தானில் ஒரு லாரி பார்க்கப் போகிறார். கடைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மணிக்கே போகிறோம், ஆயில் மூடியைக் கவிழ்த்து வைத்துப் பார்க்கிறோம், நான் பழைய சட்டை போட்டுக்கொண்டு கீழே படுக்கிறேன். தாப்பா அண்ணே, எக்சாஸ்ட் பிரேக்கை நிற்கிற வண்டியிலேயே எப்படிச் சோதிப்பது என்று முடிந்தால் அதற்குள் எழுதுங்கள்.

தாப்பா மலை ஓட்டுநர்:
ஸ்டார்ட் பண்ணி சுவிட்சைப் போடுங்கள். எக்சாஸ்ட் குழாயில் இருக்கும் வால்வின் கம்பி நகர்கிறதா என்று மச்சானைக் கீழே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். விளக்கை நம்ப வேண்டாம். சில வண்டியில் கிளட்ச் மிதித்திருந்தாலோ நியூட்ரலில் இருந்தாலோ அது வேலை செய்யாது, அதனால் லோடு இல்லாமல் ஒரு சின்ன இறக்கத்தில் மூன்றாம் கியரில் விட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது மாதிரி இருக்க வேண்டும்.